கொடி போர்த்திய பெட்டி எந்தப் பாதையில் போகும்?

டிசம்பர் 7 வந்தால் அதிகாரிகளின் சட்டைப்பையில் சின்னக் கொடி ஏறிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் உண்டியல் வரும். 1949 முதல் ஆண்டுதோறும் படைவீரர் கொடி நாள் இப்படித்தான் நடக்கிறது. வசூலாகும் பணம் படைவீரர் குடும்ப நலனுக்குப் போகிறது. அதில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை. நாமும் காசு போடுகிறோம்.

நம் கேள்வி வேறு. அந்த மரியாதை ஊர்த்தெருவைத் தாண்டிச் சேரிக்குள் எத்தனை அடி தூரம் வருகிறது? ராணுவத்துக்கு ஜே போடும் வாய்கள், ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தலித் குடும்பத்துக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்கும்போது ஏன் மூடிக்கொள்கின்றன? இந்தக் கேள்வியை ஆரணியிலிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

பழைய வடார்க்காடு மாவட்டம் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்தே பழகிய மண். வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆரணியும் படைகள் மோதிய ஊர்தான். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படை, சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப்போடும் பிரெஞ்சுக்காரர்களோடும் மோதி வென்றது இங்கேதான். கம்பெனிக்காகச் செத்த சிப்பாய்கள் எந்தச் சேரியிலிருந்து போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஆரணியைச் சுற்றியுள்ள காலனிகளுக்குள் நடந்து பாருங்கள். பெயரும் படை எண்ணும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கும். தாத்தாவின் பெட்டி, அப்பாவின் பெட்டி, இப்போது பேரனின் பெட்டி.

ஏன் போகிறார்கள்? தேசபக்தி என்று ஒற்றை வார்த்தையில் முடிப்பவர்கள் இங்குள்ள பிழைப்பைப் பார்க்காதவர்கள். ஆரணிப் பட்டு என்றால் கடைக்காரருக்கு லாபம், கட்டுகிறவருக்கு அழகு. தறியில் உட்காருகிறவருக்கு அது முதலாளியிடம் வாங்கிய முன்பணம். பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. நெய்பவருக்குக் கூலி மட்டும்தான். கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் வாங்கிய முன்பணத்தைக் கூலியில் கழித்து முடிப்பதற்குள் அடுத்த முன்பணம் தேவைப்படும். ஆரணி, தேவிகாபுரம், முள்ளிப்பட்டு எல்லா இடத்திலும் இதே கணக்குதான். நெசவு, பரம்பரையாக வேறு சாதிகளின் கையில் இருந்த தொழில். நம் ஆட்கள் அதில் நுழைந்தபோதும் கூலி நெசவாளியாகத்தான் நுழைந்தார்கள். அதுவும் கிடைக்காதவர்களுக்கு அரிசி ஆலையில் மூட்டை, அடுத்தவர் கழனியில் நாற்று, சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலை.

நிலம் இல்லை, தொழில் இல்லை, சிபாரிசு செய்ய ஆள் இல்லை. அப்படிப்பட்ட பையனுக்கு எட்டியது ஒரே ஒரு மாதச் சம்பளம், பட்டாளச் சம்பளம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓட முடிகிறதா, நெஞ்சு விரிகிறதா என்றுதான் ஆள்சேர்ப்பு மைதானத்தில் முதலில் பார்த்தார்கள். அப்பாவுக்கு எவ்வளவு நிலம் என்று அங்கே கேள்வி இல்லை. பதினெட்டு வயதில் போனவர் முப்பத்தைந்தை ஒட்டிய வயதில் ஓய்வூதியத்தோடு திரும்புவார். சிப்பாய்க்கு 15 ஆண்டுப் பணி இருந்தால் ஓய்வூதியம் உறுதி. ஒரு சேரியில் முதல் மாடி வீடு யாருடையது, முதலில் காலேஜுக்குப் போன பெண் யார் மகள் என்று விசாரித்தால் பல இடங்களில் பதில் ஒரு மிலிட்டரிக்காரர் வீட்டில் போய் நிற்கும்.

இதைக் கேவலமாகப் பேசும் சில தோழர்களுக்கு நம் தலைவரின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்த மாவ் ஒரு ராணுவப் பாசறை நகரம். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடங்கள் தீண்டப்படாதோருக்குக் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், படைவீரருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ராணுவம் எழுத்தறிவித்தது. ஒரு தலித் குடும்பம் புத்தகத்தோடும் ஓய்வூதியத்தோடும் நிற்க முடிந்ததால்தான் பீமாராவ் பள்ளிக்குப் போக முடிந்தது. பட்டாளத்து ஓய்வூதியம் என்பது நம் வரலாற்றில் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

அதே வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நினைவுக் குறிப்பில் அண்ணல் தன் சிறுவயதுப் பயணம் ஒன்றை எழுதியிருக்கிறார். தந்தை வேலை பார்த்த இடத்துக்கு, நல்ல உடை உடுத்தி, சாதாராவிலிருந்து ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார்கள் குழந்தைகள். மகர் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்ன பிறகும் வண்டிக்காரர் அவர்களோடு உட்கார மறுத்தார். குழந்தைகளே மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கவில்லை. அவர்கள் சுபேதாரின் பிள்ளைகள். தந்தையின் சீருடை பிள்ளைகளின் தாகத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் வாங்கித் தரவில்லை.

நூற்றிருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மாறிவிட்டது என்பார்கள். பார்ப்போம்.

2016 ஜூன். காஷ்மீர் பாம்பூரில் சி.ஆர்.பி.எஃப். வாகனத்தின் மீது தாக்குதல் நடந்து வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்துக்காரர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். உடல் சொந்த ஊருக்கு வந்தபோது பொது நிலத்தில் எரிக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேச்சுவார்த்தை நடத்திய பிறகுதான் கொஞ்சம் இடம் கிடைத்தது. நாட்டுக்காகச் செத்தவருக்கு நாட்டில் பத்தடி மண்ணுக்குப் பேச்சுவார்த்தை!

2020 பிப்ரவரி. குஜராத் பனஸ்கந்தா மாவட்டத்தில் தலித் ராணுவ வீரர் ஒருவர் தன் திருமண ஊர்வலத்தில் குதிரையில் ஏறினார். போலீஸ் பாதுகாப்பு இருந்தும் ஊர்வலத்தின் மீது கல் பறந்தது. நாட்டின் எல்லையைக் காக்கப் போகிறவர் தன் ஊரின் தெரு எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் கல்லின் பொருள்.

வடக்கே அப்படித்தான் என்று தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் 2019 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். நம் வாணியம்பாடி பக்கத்தில் நாராயணபுரம். சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்துக்குள் அடைபட்டிருந்தது. இறந்த தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அவர் படைவீரர் இல்லை, சாதாரணக் குடிமகன். ஆனாலும் கேட்கிறோம்: அந்தக் காலனியிலிருந்து ஒருவர் பட்டாளத்துக்குப் போய், மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியில் திரும்பி வந்திருந்தால், அந்தப் பெட்டி எந்தப் பாதையில் போயிருக்கும்? துப்பாக்கி மரியாதைக்கு வரும் வீரர்கள் பாலத்தின் மேல் நிற்பார்களா, கீழே நிற்பார்களா?

வடார்க்காட்டில் பாதை இல்லாத சுடுகாடும் பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பிய சேரியும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால் இந்தக் கேள்வியை யாரும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

“ராணுவத்தில் சாதி இல்லை” என்பது அடுத்து வரும் பதில். சாப்பாடு ஒரே மெஸ்ஸில், படுக்கை ஒரே பாரக்கில், உண்மை. நம் ஆட்களே அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஊரில் டீக்கடையில் கிடைக்காத சமத்துவம் சியாச்சினில் கிடைத்தது என்று சொல்லும் ஓய்வுபெற்றவர்களை நமக்குத் தெரியும். ஆனால் அமைப்பைப் பாருங்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு இன்றும் ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் என்ற மூன்று பிரிவினரிடமிருந்தே ஆள் எடுக்கிறார்கள். சாதிப் பெயரில் படைப்பிரிவுகள் இருக்கின்றன. அதே நேரம் ராணுவத்தில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு கிடையாது. ஆதிக்க சாதிக்குப் பெயர்ப்பலகை உண்டு, நமக்குக் கேட்டால் “இங்கே சாதி பார்ப்பதில்லை.” கேட்க நன்றாக இருக்கிறது!

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் விட்டுப்போனது. மெட்ராஸ் ராணுவத்தில், குறிப்பாக மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில், பறையர் வீரர்கள் கணிசமாக இருந்தார்கள். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். ‘போர்க்குடிகள்’ என்று ஒரு பட்டியல் உருவானது. மெட்ராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன; 1928இல் மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமென்ட், 1933இல் மெட்ராஸ் பயனியர்ஸ். மகாராஷ்டிரத்தில் 1890களிலேயே மகர்களைச் சேர்ப்பது நின்றுபோனது. கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். பீமா கோரேகானில் 1818 ஜனவரி 1 அன்று போரிட்ட மகர் வீரர்களின் பெயர்கள் தூணில் இருந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பட்டாளத்தில் வேலை இல்லை. முதல் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917இல் 111ஆவது மகர் படை அமைந்தது, போர் முடிந்ததும் 1921இல் கலைந்தது. அம்பேத்கர் விடாமல் வலியுறுத்தி, மறுபடியும் உலகப்போர் வந்த பிறகுதான், 1941 அக்டோபரில் மகர் ரெஜிமென்ட் உருவானது.

இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறதா தோழர்களே? உயிர் தேவைப்படும்போது கூப்பிடுவார்கள். ஓய்வூதியமும் பதவியும் கொடுக்க வேண்டிய நேரத்தில் கதவு சாத்தப்படும். இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய அக்னிபத் திட்டத்துக்கு வாருங்கள்.

2022 ஜூன் 14 அன்று அறிவித்தார்கள். நான்கு ஆண்டு வேலை. அதன் முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்குப் போகலாம், மற்றவர்கள் வீட்டுக்கு. முதலாண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000 ரூபாய். அதில் 30 சதவீதத்தைப் பிடித்துவைத்து, அரசும் அதே அளவு போட்டு, வெளியேறும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் தருவார்கள். ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. எனவே 2003 முதல் நடக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் கேண்டீனும் இல்லை. ஆண்டுக்கு விடுப்பு 30 நாள். பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு உண்டு, போரில் இறந்தால் கூடுதல் தொகையும் உண்டு. ஆனால் மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் இல்லை. வழக்கமான சிப்பாய் பணியில் இறந்தால் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், பணி காரணமான மரணம் என்றால் 60 சதவீதம், போரில் என்றால் முழுச் சம்பளம். பக்கத்துப் பக்கத்துப் பதுங்குகுழியில் ஒரே குண்டுக்கு இரண்டு பேர் விழுந்தால், ஒருவர் வீட்டுக்கு வாழ்நாள் முழுக்கப் பணம் வரும், இன்னொருவர் வீட்டுக்கு ஒரு தடவை வரும்.

பதினோரு லட்சம் சின்னத் தொகையா என்று கேட்பவர்கள் உண்டு. நிலமும் கடையும் உள்ள வீட்டுக்கு அது முதலீடு. எங்கள் வீடுகளில் அக்காவின் கல்யாணக் கடன், அப்பாவின் முன்பணப் பாக்கி, ஓட்டு வீட்டுக்குத் தளம் என்று ஆறு மாதத்தில் அது கரைந்துவிடும். ஓய்வூதியத்தின் அருமை அது கரையாது என்பதுதான். முதலாளி பேசிய கூலிக்குத் தலையாட்டாமல் நிற்கவும், மகளைப் பாதியில் படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார வைக்காமல் இருக்கவும், ஊர்க்காரர் மிரட்டினால் வழக்கு நடத்தவும் மாதாமாதம் வரும் அந்தப் பணம்தான் தைரியம் கொடுத்தது. அக்னிபத் பறித்தது அந்தத் தைரியத்தை.

சேரும் வழியும் மாறிவிட்டது. 2023 முதல் கணினித் தேர்வு முதலில், ஓட்டம் பிறகு. காலை நான்கு மணிக்கு ஏரிக்கரையில் ஓடிப் பழகிய பையனை, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவன் கணினித் திரையிலேயே தாண்டிப்போய்விடலாம். முதல் அணி அக்னிவீரர்கள் 2022 டிசம்பர் கடைசியிலும் 2023 ஜனவரியிலுமாகப் பயிற்சிக்குப் போனார்கள். நான்காண்டுக் கணக்கு 2026 முடிவில் தொடங்கி 2027இல் முடிகிறது. அதன்பின் ஆண்டுதோறும் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் பிள்ளைகள் பெட்டியோடு பேருந்து நிலையத்தில் வந்து இறங்கப் போகிறார்கள். மத்திய ஆயுதப் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு என்றார்கள். பழைய முன்னாள் படைவீரருக்கு மத்திய அரசின் ‘சி’ பிரிவில் 10 சதவீதம், ‘டி’ பிரிவில் 20 சதவீதம் என்று பல ஆண்டுகளாகவே ஒதுக்கீடு இருக்கிறது. ஏட்டில் இருக்கும் ஒதுக்கீடு எப்படி நிரம்பாமல் கிடக்கும் என்பதைப் பட்டியல் சாதிப் பின்னடைவுக் காலியிடங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 பேர் இறந்தபோது நாடே ‘ராணுவ வீரர்கள்’ என்று அழுதது. தமிழ்நாட்டின் அரியலூர், தூத்துக்குடி மாவட்டங்களுக்கும் இரண்டு உடல்கள் வந்தன. இறந்தவர்கள் சி.ஆர்.பி.எஃப். காவலர்கள். ராணுவத்தினருக்குரிய ஓய்வூதியமோ, முன்னாள் படைவீரர் என்ற சட்டத் தகுதியோ அந்தப் படைக்கு இல்லை. 2004 ஜனவரி 1க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமும் இல்லை. இட ஒதுக்கீடு இருப்பதால் நம் பிள்ளைகள் உறுதியோடு நுழைய முடிந்த படைகள் இவைதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்தது. மேஜர் முகுந்த் வரதராஜனின் வீரத்தை நாம் ஒரு துளியும் குறைத்துப் பேசவில்லை. படம் வந்த பிறகு நடந்த சண்டையைத்தான் சொல்கிறோம். அவருடைய சாதி அடையாளத்தைப் படத்தில் ஏன் காட்டவில்லை என்று ஒரு கூட்டம் கொதித்தது. ராணுவத்தில் சாதி இல்லை என்று நமக்கு வகுப்பெடுத்தவர்களில் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வீரன் தன் சாதிக்காரனாக இருந்தால் சாதியைக் காட்டு, சேரிக்காரனாக இருந்தால் சாதியைப் பேசாதே. இதுதான் அவர்கள் சொல்லும் சாதியற்ற தேசபக்தி.

இப்போது நம் பக்கத்தில் எழும் மறுப்புக்கு வருவோம். “அரசின் துப்பாக்கியைச் சுமப்பவனுக்காக நாம் ஏன் பேச வேண்டும்? காஷ்மீரிலும் மணிப்பூரிலும் ஆயுதப் படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் பெயரில் நடந்தது தெரியாதா?” தெரியும். அந்தச் சட்டத்தை எதிர்க்கிறோம், போர் வெறியை எதிர்க்கிறோம், தொடர்ந்து எதிர்ப்போம். ஆனால் யாரிடம் துப்பாக்கியைக் கொடுத்து எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது தேவிகாபுரம் காலனிப் பையன் இல்லை. அவன் மனைவியின் ஓய்வூதியத்துக்காகப் பேசுவதால் எந்தப் போரும் நியாயமாகிவிடாது. ஆலையில் நச்சுப் பொருள் தயாரானாலும் ஆலைத் தொழிலாளியின் வைப்புநிதிக்காகத் தொழிற்சங்கம் போராடுகிறதே, அதே நியாயம்தான் இது. நாம் ஒதுங்கினால் அந்தக் குடும்பங்கள் தனியாக நிற்காது. கொடியைத் தூக்கிக்கொண்டு மதவெறிக் கூட்டம் அந்த வாசலுக்குப் போய் உட்காரும். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

அந்த வாசலில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, களத்தில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறோம். பெரும்பாலும் காகித வேலை. கணவரின் படைப் பதிவேட்டில் ‘குப்பம்மாள்’, ஆதாரில் ‘குப்பு’. இந்த இரண்டெழுத்துக்காக ஒரு விதவை மாதக்கணக்கில் அலைவார். திருமணமும் குழந்தை பிறப்பும் படைப்பிரிவின் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் ஆணையில் பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டால், கணவர் இறந்த பிறகு மனைவி தான் மனைவிதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணையத்தளத்துக்கு மாறிவிட்டது. ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று தராவிட்டால் பணம் நின்றுவிடும். ஆவணம் பெங்களூரில் அல்லது வெலிங்டனில், ஓய்வூதியக் கணக்கு பிரயாக்ராஜில், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அறுபது கிலோமீட்டர் தள்ளித் திருவண்ணாமலையில். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு இது நாலு திசை. ஊர்த்தெருவில் இதே நிலையில் ஒரு குடும்பம் இருந்தால், ஓய்வுபெற்ற சுபேதார் பெரியப்பாவோ தாலுக்கா ஆபீஸ் மாமாவோ ஒரு போன் போட்டு முடிப்பார்கள். நம் தெருவில் அந்தப் பெரியப்பாவும் மாமாவும் இல்லை. சாதி ஓய்வூதிய ஆணையில் அச்சாகவில்லைதான். அந்த ஆணையை வாங்கப் போகும் வழியெங்கும் நிற்கிறது.

அடுத்தது நிலமும் பாதையும். வீட்டு ஆண் எல்லையில் இருக்கிறார், ஊரில் மனைவியும் வயதானவர்களும். வரப்பைத் தள்ளிப் போடவும், வீட்டுமனைப் பட்டாவில் வில்லங்கம் செய்யவும் இதைவிட வசதியான நேரம் ஆதிக்க சாதிக்காரருக்குக் கிடைக்குமா? சட்டம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். போர்க்களம் போன்ற சிறப்புச் சூழலில் பணியிலிருக்கும் வீரருக்கு எதிரான சிவில் வழக்கு அவர் இல்லாமலே முடிந்துவிடாதபடி நிறுத்திவைக்க, 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் வழி செய்கிறது. தலித்தின் நிலத்தை ஆக்கிரமிப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். சுடுகாட்டையும் பொதுப் பாதையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது 2015 திருத்தத்தின் மூலம் அதே சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்ந்தது; 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீரர் தன் கட்டளை அதிகாரி வழியாக மாவட்ட ஆட்சியருக்கு மனு அனுப்பலாம். அந்த மனு ஆட்சியர் அலுவலகத்தில் தூங்காமல் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பவை இவை. அக்னிவீரர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி கொடு, பணியில் இறந்தவரின் குடும்பத்துக்குக் குடும்ப ஓய்வூதியம் கொடு. தமிழ்நாடு அரசு, திரும்பி வரும் அக்னிவீரர்களை மாவட்டவாரியாக, சமூகவாரியாகக் கணக்கெடுத்து, தன் முன்னாள் படைவீரர் நலத்துறையின் உதவிகளுக்குள் அவர்களைக் கொண்டுவரட்டும். முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தை மாவட்டத் தலைநகரில் மட்டும் வைக்காமல் ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி என்று வட்டங்களுக்குக் கொண்டுவரட்டும். அதிலும் ஒரு கூட்டமாவது காலனிச் சமுதாயக் கூடத்தில் நடக்கட்டும். படைவீரர் குடும்பம் கொடுக்கும் வன்கொடுமைப் புகாரில் எத்தனை நாளில் வழக்குப் பதிவானது என்பதை ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு தனியாகக் கேட்கட்டும். சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத காலனிகளின் பட்டியலை வெளியிடட்டும்.

மாணவத் தோழர்களுக்கு வேலை இன்னும் எளிது. இந்தச் சனிக்கிழமை உங்கள் காலனியில் பட்டாளத்தில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், இறந்தவர்களின் மனைவிமார் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பணியில் இருப்பவரிடம், திருமணமும் பிள்ளைகளும் ஆணையில் பதிவாகிவிட்டதா என்று போனில் கேளுங்கள். நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்கு முதியவர்களை அழைத்துப் போங்கள். அக்னிவீரராகச் சேர நினைக்கும் தம்பியிடம் போகாதே என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை, அவனுக்கு வேறு வேலை நாம் வைத்திருக்கவில்லை. நான்காண்டுக்குப் பின் என்ன என்ற கணக்கை அவனோடு உட்கார்ந்து போடுங்கள், அஞ்சல்வழிப் பட்டப்படிப்பில் சேர்த்துவிடுங்கள்.

கொடி நாளுக்கு உண்டியலோடு வருகிறவர்களுக்குக் காசு போடுங்கள். கூடவே ஒரு காகிதமும் கொடுங்கள். நம் காலனியிலிருந்து படைக்குப் போனவர்கள் எத்தனை பேர், நம் சுடுகாட்டுக்குப் பாதை எத்தனை அடி அகலம் என்று அதில் எழுதியிருக்கட்டும்.

ஜெய்பீம்.